தொட்டுப் பார்க்காமல் வாங்கிய சேலை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது பழமொழி. என் பாட்டியைக் கேட்டால், ‘அந்த ஆடையில முக்காவாசி நூலுதான்’ என்பார். இதன் பொருள் எனக்கு விளங்க ஒரு சேலை தேவைப்பட்டது.

பாட்டி ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இன்று அங்கே ரப்பர் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனைதான். மாமாவுக்கு அங்கேயே வேலை என்பதால் பாட்டியும் அங்கேயே இருக்கிறார். எல்லாம் மாறினாலும் அவர் உடுத்தும் நூல் சேலை மட்டும் மாறவில்லை.

துணைப்பாட வகுப்பு நடத்தி முதன்முதலாகச் சம்பாதித்த பணத்தில் பாட்டிக்கு ஒரு சேலை வாங்க ஆசைப்பட்டேன். சிரம்பானுக்குப் போய்க் கடை கடையாக ஏற நேரமில்லை. விடுதிக் கட்டிலில் படுத்தபடியே கைப்பேசியில் தேடினேன். ‘நூறு விழுக்காடு சுத்தமான காட்டன்’ என்று போட்டிருந்தது. மாம்பழ நிறம், அரக்குக் கரை, விலை 45 வெள்ளி. வாங்கியவர்கள் நட்சத்திரங்களை அள்ளிக் கொடுத்திருந்தார்கள். வேறென்ன வேண்டும்? பொத்தானை அழுத்திவிட்டேன்.

பொட்டலம் தோட்டத்துக் கேட்டில் இருக்கும் ஜாகாவிடம் வந்து சேர்ந்தது. அந்த வார இறுதியில் நானே அதைப் பாட்டியிடம் கொடுத்தேன். அவர் முந்தானை ஓரத்தைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்தார். ஒரு கணம் பேசவில்லை. பிறகு, “கலரு நல்லா இருக்குமா. திருவிழாவுக்குக் கட்டிக்கிறேன்” என்று சொல்லிப் பெட்டிக்குள் மடித்து வைத்தார். நான் பூரித்துப் போனேன்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா அன்று சரியான வெயில். பாட்டி அந்தச் சேலையோடு பொங்கல் அடுப்பின் முன்னால் நின்றார். ஒரு மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டது. மாற்றிக்கொள்ளச் சொன்னேன், கேட்கவில்லை. இரவில் பார்த்தால் கழுத்திலும் இடுப்பிலும் சிவந்து தடித்திருந்தது. பவுடர் போட்டுவிட்டபடி கேட்டேன்:

“பாட்டி, இது நூல் சேலை இல்லையா?”

“தொட்ட ஒடனே தெரிஞ்சிருச்சு. மொத மொதலா சம்பாரிச்சு வாங்கியாந்த புள்ளகிட்ட இது நைலான்னு எப்படிமா சொல்றது?”

பாட்டிக்கு மில் இழை எல்லாமே நைலான்தான். சேலையின் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினார். அது சுருண்டு உருகி, கறுத்த உருண்டையாகக் கெட்டிப்பட்டது. அது பாலியஸ்டர். தம் பழைய சேலையின் இழையைக் காட்டினார். தாள் எரியும் வாசம் வந்தது. விரல் பட்டதும் சாம்பல் பொடியாக உதிர்ந்தது. பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட ஏற்காது என்று பின்னர் படித்தேன். பாட்டி படிக்கவில்லை. ஆனால் முப்பது ஆண்டு வேர்வை அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தது.

திருப்பி அனுப்பும் தவணை எப்போதோ முடிந்துவிட்டது. விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை. விளம்பரமும் காணாமல் போயிருந்தது. நம் நாட்டில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே புகார் பதியலாம் என்று தெரியவந்தது. ஆனால் விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும் புத்தி எனக்கு இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் சம்பள நாளில் சைக்கிளில் துணி மூட்டையோடு லயத்துக்கு ஒருவர் வருவாராம். பெண்கள் தொட்டுப் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், ஓரத்தை நனைத்துக் கசக்கியும் பார்ப்பார்கள். கடனுக்குத்தான் வாங்குவார்கள். “ஏமாத்துனா அடுத்த மாசம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவான்?” என்றார் பாட்டி. கைப்பேசியில் விற்பவருக்கு அடுத்த மாதம் நம் லயத்துக்கு வரவேண்டிய அவசியம் இல்லை. எனவே விரல் செய்த வேலையை இனி நம் கேள்விகள்தாம் செய்ய வேண்டும்.

நான் கேட்கக் கற்றுக்கொண்டேன். ‘காட்டன் சில்க்’, ‘சாஃப்ட் காட்டன்’, ‘காட்டன் ஃபீல்’ என்பவை பெயர்கள்தாம். நூல் எது என்பதற்கு உறுதி அல்ல. எந்த இழை எத்தனை விழுக்காடு? துணியின் பின்பக்கப் படம் கிடைக்குமா? ஓர் இழையைக் கொளுத்திக் காட்ட முடியுமா? கொளுத்துவது மட்டும் போதாது. மரக்கூழிலிருந்து செய்யப்படும் விஸ்கோஸும் தாளைப் போலவே எரியும். ஆனால் நனைத்து இழுத்தால் விஸ்கோஸ் இழை எளிதில் அறும். பருத்தி இழை நனைந்தால் இன்னும் வலுப்பெறும். பட்டு என்றால் முடி கருகும் வாசம் வரும். இந்தியாவில் பட்டுக்கு 2004 முதல் ‘சில்க் மார்க்’ முத்திரையும், கைத்தறிக்கு 2006 முதல் ‘ஹேண்ட்லூம் மார்க்’ முத்திரையும் உண்டு. அவற்றையும் கேட்டேன்.

பலர் பதிலே எழுதவில்லை. தமிழ்நாட்டு விற்பனையாளர் ஒருவர் மட்டும், “நீங்கள் கேட்பதில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. வயதானவருக்கு என்றால் வேண்டாம்” என்று எழுதி, காரைக்குடிக் கண்டாங்கியைக் காட்டினார். கட்டம் போட்ட முரட்டுப் பருத்திச் சேலை. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அஞ்சல் செலவும், வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 முதல் விதிக்கப்படும் 10 விழுக்காட்டு வரியும் சேர்ந்து, முதல் சேலையைப் போல் மூன்று மடங்கு ஆனது. இரண்டு மாதம் சேமித்து வாங்கினேன்.

இம்முறை பொட்டலத்தைப் பிரித்த உடனே பாட்டியின் கையில் கொடுத்து, “மறைக்காம சொல்லணும்” என்றேன். விரல்கள் தேய்த்தன. ஓரத்தை நனைத்துக் கசக்கின. “எங்கம்மா இதத்தான் கட்டும்” என்றார். பிறகு எழுந்து போய், முதல் அலசலுக்கு வாளியில் கல்லுப்பைக் கரைத்தார்.

நண்பர்களே, நம்மில் பலருக்கு வீட்டில் இன்னும் ஒரு பாட்டி இருக்கிறார். அடுத்த முறை பொத்தானை அழுத்துவதற்கு முன், அவர் பக்கத்தில் ஒரு பழைய சேலையோடு உட்காருங்கள். உங்கள் விரலும் கற்றுக்கொள்ளட்டும். மாம்பழ நிறச் சேலை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. விடுதி அறையில் அதைச் சன்னல் திரையாக மாட்டியிருக்கிறேன்.