ஈக்களுக்கு ஓர் அதிபதி

விலங்கியல் படிக்கும் மாணவனுக்கு ஆங்கிலப் புதினத்தோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தலைப்பில் ஈ இருந்தது. அதனால்தான் நூலகத்தில் அதைக் கையில் எடுத்தேன். வில்லியம் கோல்டிங் எழுதி 1954-இல் வெளிவந்த ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ நான் முழுமையாகப் படித்து முடித்த முதல் ஆங்கிலப் புத்தகம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடுமுறை முழுவதும் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நானே. ஆதலால் ஐயம் கேட்க அங்கே ஆள் இல்லை என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் தலைப்புக்கு விளக்கம் வீட்டில்தான் கிடைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உலகில் போர் நடக்கும் காலம். விமான விபத்தில் ஆங்கிலேயச் சிறுவர்கள் ஆளில்லாத தீவொன்றில் சிக்கிக்கொள்கிறார்கள். பெரியவர் ஒருவரும் உயிரோடில்லை. சங்கு ஊதிக் கூட்டம் கூட்டுகிறார்கள். சங்கு யார் கையில் இருக்கிறதோ அவனே பேசலாம் என்று சட்டம் செய்கிறார்கள். ரால்ஃப் வாக்கெடுப்பில் தலைவனாகிறான். பிக்கியின் மூக்குக் கண்ணாடியைக் கொண்டு தீ மூட்டுகிறார்கள். ஜாக் வேட்டைக்காரர்களைத் திரட்டிக்கொண்டு பிரிந்து போகிறான். இவ்வளவு போதும், படிக்காதவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

ஆசிரியர் முதலில் வைத்த தலைப்பு வேறு. ‘உள்ளிருந்து வந்த அந்நியர்கள்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு ஃபேபர் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. தலைப்பும் அங்கேதான் மாறியது. மாறியது நல்லதே. பழைய தலைப்பு, கொடுமை நமக்குள்ளேயே இருக்கிறது என்று முதல் பக்கத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறது. புதிய தலைப்பு நம்மைத் தேட வைக்கிறது. தமிழ் வேதாகமத்தில் இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தில் எக்ரோன் என்னும் ஊரின் தேவனாகப் பாகால்சேபூப் என்றொரு பெயர் வருகிறது. ஈக்களின் அதிபதி என்பதே அதன் பொருள் என்கிறார்கள். புதிய ஏற்பாட்டில் அதே பெயர் சற்றுத் திரிந்து, பிசாசுகளின் தலைவனுக்கு உரியதாகிவிடுகிறது.

ஆனால் புதினத்தில் அந்த அதிபதி யார்? குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய்ப்பன்றி ஒன்றை வேட்டைக்காரர்கள் கொல்கிறார்கள். ஒரு கம்பின் இரு முனைகளையும் சீவி, பாறை இடுக்கில் நட்டு, அதன் மேல் பன்றியின் தலையைச் செருகுகிறார்கள். தீவில் ஏதோ மிருகம் உலவுகிறது என்ற அச்சம் அவர்களுக்கு. தலை அதற்குக் காணிக்கை. வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் ஓடிவிடுகிறார்கள்.

இந்த இடத்தை அப்பாவிடம் கதையாகச் சொன்னேன். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். எங்கள் ஊரில் கிடா வெட்டினால் தலை இன்னாருக்கு, தொடை இன்னாருக்கு என்று கணக்கு உண்டு. பொழுது விடிவதற்குள் எல்லாம் பங்காகிவிடும். சற்று நேரம் யோசித்துவிட்டு, “சாமிக்கு வச்சத அப்படியே போட்டுட்டு வரலாமாப்பா? ஈயில்ல மொய்க்கும்! அப்புறம் அந்தத் தலதான அங்க சாமி?” என்றார்.

நான் படித்த எந்த விளக்கத்திலும் இது இல்லை. அந்தத் தீவில் மிருகமே கிடையாது. இல்லாத ஒன்றுக்கு வைத்த காணிக்கை, வாங்க ஆளின்றி அங்கேயே நின்று தானே தெய்வமாகிவிட்டது. அதைச் செய்தவை சிறுவர்களின் கைகள்.

ஈக்கு அதிபதி என்று எவரும் இல்லை என்பதை விலங்கியல் படிக்கும் எவரும் சொல்வர். அழுகும் இறைச்சியின் வாடைக்கு வருகிறது, முட்டையிடுகிறது. வெப்பமான இடத்தில் ஒரு நாளுக்குள் புழு வெளிவந்துவிடும். ஈயிடம் பக்தியும் இல்லை, பாவமும் இல்லை. இறைச்சி தருபவன் பின்னால் ஒவ்வொருவராகப் போய்ச் சேரும் சிறுவர்களைத்தான் அந்தப் பன்மைச் சொல் குறிக்கிறது என்பது என் எண்ணம்.

பலர் கவனியாமல் விடும் ஓரிடம் உண்டு. மலையுச்சியில் பாராசூட்டோடு விழுந்து கிடக்கும் விமான வீரனின் பிணத்தைத்தான் சிறுவர்கள் மிருகம் என்று அஞ்சுகிறார்கள். சைமன் என்னும் மென்மையான சிறுவன் தனியே ஏறிப்போய்ப் பார்க்கிறான். அங்கும் ஈ மொய்க்கிறது. பன்றித்தலை சிறுவர்களின் வேலை; அந்தப் பிணமோ பெரியவர்கள் நடத்தும் போரின் வேலை. இரண்டுக்கும் ஒரே ஈ! உண்மையைச் சொல்ல ஓடிவரும் சைமனையே மிருகம் என்று கூவி, ஆட்டத்தின் வெறியில் எல்லோரும் சேர்ந்து கொன்றுவிடுகிறார்கள். ரால்ஃபும் பிக்கியும்கூட அந்த வட்டத்தில் இருந்தார்கள்.

என்னை உறங்கவிடாதவன் ஜாக் அல்லன், ரோஜர். தொடக்கத்தில் ஒரு சிறுவனைச் சுற்றிக் கல் எறிகிறான். ஆனால் மேலே படாதபடி எறிகிறான். வீடும் பள்ளியும் காவல்துறையும் இன்னும் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பின்னால் அதே கைதான் பாறையை உருட்டிப் பிக்கியைக் கொல்கிறது, சங்கும் நொறுங்குகிறது. முன்பு நான் தங்கியிருந்த விடுதி ஒன்றில் புதிய மாணவர்களை இரவில் வரிசையாக நிற்க வைத்துக் கேலி செய்வார்கள். நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். முரடர்களைவிட, ஓரமாக நின்று முதலில் தயங்கி, பிறகு உரக்கச் சிரித்த ஒருவனின் முகம்தான் எனக்கு நினைவில் நிற்கிறது. பகலில் பாடக் குறிப்பு கொடுத்து உதவுகிறவன் அவன்.

கள்ளமின்மை போயிற்று என்கிறோம். எப்போது போயிற்று? பெர்சிவல் என்ற மிகச் சிறிய பையன் முதலில் தன் முழுப்பெயரையும் வீட்டு முகவரியையும் மந்திரம்போல் ஒப்பிப்பான், வீட்டில் சொல்லிக்கொடுத்தது. கடைசியில் காட்டுத் தீயின் புகையைக் கண்டு கடற்படை அதிகாரி ஒருவர் வந்து இறங்குகிறார். கோல்டிங்கும் இரண்டாம் உலகப்போரில் கடற்படை அதிகாரியாக இருந்தவர்தாம். அவர் முன் வந்து நின்று பெர்சிவல் வாய் திறக்கிறான். பெயரே வரவில்லை. ரால்ஃப் அழுவது அதற்குப் பிறகுதான்.