வாயிற்கதவின் பின்புறம்

சென்ற ஆண்டுக் கோடையில் யாமும் பழைய மாணவ நண்பர் மூவரும் கொல்லிமலையிலுள்ள ஒரு சிறு பள்ளியின் இரும்பு வாயிற்கதவுக்குப் பச்சை வர்ணம் பூசினோம். "இருபுறமும் இருமுறை பூசியாயிற்று, ஐயா" என்று தலைமையாசிரியரிடம் கூறி விடைபெற்றோம். இவ்வாண்டு காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளையும் கடந்து மீண்டும் ஆங்குச் சென்றபோது, கதவு முன்போலவே பளபளத்தது.

நண்பருள் தொழிற்சாலையில் பணிபுரியும் ஒருவர், பூச்சின் கனத்தை அளக்கும் கருவியைச் சட்டைப்பையில் கொணர்ந்திருந்தார். அதன் முனையில் சிறு இரும்புத் தண்டைச் சுற்றிக் கம்பிச் சுருள்கள் உள. அவற்றில் ஓடும் மின்னோட்டம் காந்தப் புலத்தை எழுப்பும். முனை வெறும் இரும்பைத் தொட்டால் அப்புலம் வலுப்பெறும். இடையே வர்ணம் நின்றால், அதன் கனத்துக்கேற்ப வலுக் குறையும். அக்குறைவையே கருவி மைக்ரான் கணக்கில் காட்டுகின்றது; 1,000 மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். வர்ணத்தில் ஒரு கீறலும் விழாது. அலுமினியத்துக்கு இம்முறை பயன்படாது; அதற்குச் சுழல் மின்னோட்டத்தைக்கொண்டு அளக்கும் வேறு முறை உண்டு. நண்பர் முதலில் வர்ணமில்லா இரும்புத் துண்டொன்றில் வைத்துச் சுழியைச் சரிசெய்துகொண்டார். பின் கனம் தெரிந்த பிளாஸ்டிக் தாளை இடையிட்டுச் சோதித்தார்.

அதற்குள் யாம் கதவை விரலால் தடவிப் பார்த்தோம். இருபுறமும் ஒன்றே எனத் தோன்றிற்று. 1914-இல் இம்மலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்விழந்த கை தன் காயத்தை அறியாமலே கெடுவதை வேலூரில் ஆராய்ந்து விளக்கினார். உணர்வுள்ள எம் கையோ ஈண்டு ஒன்றும் அறியவில்லை.

கதவின் முன்புறம் 110, 105, 118 என்று வந்தது. பின்புறம் 48, 52, 45.

"கருவியில் பழுதோ?" என்றார் தலைமையாசிரியர், பெருந்தன்மையாக. நண்பர் எம் முகத்தை நோக்கினார். பின்புறம் எம் பங்கு. அன்று பிற்பகல் மஞ்சு மூடிற்று. ஈர இரும்பில் பூசலாகாது. வெயிலுக்குக் காத்திருக்கவும் மனமில்லை. ஒருமுறையோடு நிறுத்திவிட்டு, இருமுறை என்று கூறியவர் யாமே.

"கருவியில் பழுதில்லை, ஐயா" என்று நடந்ததைச் சொன்னோம்.

கீழ்ச்சட்டத்தில் ஓரிடம் மட்டும் 140 காட்டிற்று. சிறிது ஆறுதலுற்றோம். சுரண்டிப் பார்த்தால் அடியில் துரு! முனைக்கும் இரும்புக்கும் இடைப்பட்ட தூரத்தையன்றோ அக்கருவி அளக்கின்றது? துருவையும் வர்ணக் கணக்கில் சேர்த்துவிட்டது.

மறுநாள் வெயில் ஏறிய பின்னர் உப்புத்தாளுடன் அமர்ந்தோம். மாலைக்குள் முடியவில்லை, மேலும் ஒருநாள் தங்கினோம்.