பின்னால் எரியும் விளக்கு



இங்கே டெக்சாஸில் நம் சபைச் சகோதரர் ஒருவர், இராணுவம் கழித்துவிட்ட எம்38 ஜீப் ஒன்றை வாங்கினார். 1950களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட வகை. அதைப் பிக்கப் வண்டியில் கட்டி இழுத்துவர நானும் துணைக்குச் சென்றேன். ஜீப்பின் மின்னமைப்பு 24 வோல்ட். இழுக்கும் வண்டியினுடையதோ 12 வோல்ட். இணைத்தாலும் அதன் சொந்த விளக்குகள் மங்கியே எரியும். ஆகவே காந்த அடியுள்ள இரு தற்காலிக விளக்குகளைப் பின்புறத்தில் ஒட்டி, கம்பியை முன்வண்டிவரை இழுத்துக் கட்டினார்.

"பகல்தானே, புறப்படலாம்" என்று அவசரப்பட்டேன். அவரோ என்னைப் பின்னால் நிறுத்திவிட்டு பிரேக்கை மிதித்தார். இடது விளக்கு எரியவில்லை! இணைப்பு முனையில் துரு. சுரண்டியதும் எரிந்தது.

"ஓட்டுகிற எனக்கு இது தெரியாது, ஐயா, பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும்" என்றார்.

அன்றிரவு என் மகனிடம், "என்னிடம் என்ன குறை காண்கிறாய்?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, "நீங்கள் எப்போது கோபப்படுவீர்கள் என்று முன்னதாகத் தெரிவதே இல்லை, அப்பா" என்றான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பிரியமானவர்களே, உங்களுக்குப் பின்னால் வருகிற ஒருவரிடம் இந்த வாரம் கேட்டுப் பாருங்கள். துருவைச் சுரண்டக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.