கணக்கு தப்பினால் குளிரும்

வெர்மான்ட் மாநிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலம் காடு. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டிக் கிடக்கும் இந்தச் சின்ன மாநிலத்துக்கு அக்டோபரில் போகிறவர்கள் பெரும்பாலும் இலை பார்க்கப் போகிறவர்கள். நானும் அதற்காகத்தான் போனேன். மேப்பிள் மரங்கள் சரிவு முழுக்கச் சிவந்து நின்றன. நடுநடுவே பிர்ச் மரங்களின் மஞ்சள். சென்னையில், இலை என்றால் பச்சை என்றே பழகிய கண் எனக்கு. முதல் நாள் காலையில் அந்த மலைகளைப் பார்த்தபோது பேச்சே வரவில்லை. ஆனாலும் அந்தப் பயணத்தை இன்று நினைத்தால், மலைகளுக்கு முன்னால் எனக்கு ஞாபகம் வருவது நான் தங்கியிருந்த பண்ணை வீட்டின் சமையலறை மேசைதான்.

செம்மறி ஆடுகள், கொஞ்சம் ஆப்பிள் மரங்கள், காய்கறித் தோட்டம், பின்னால் சொந்தக் காடு. மூன்று பிள்ளைகள்: மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, பையனுக்குப் பத்து, கடைக்குட்டிக்கு ஏழு. மூவரும் பள்ளிக்கூடம் போவதில்லை. வீட்டிலேயே படிக்கிறார்கள். அங்கே இது ஒளித்துச் செய்யும் காரியமில்லை. 1977-இல் பாஸ்டனில் ஜான் ஹோல்ட் என்ற ஆசிரியர் வீட்டுக்கல்விக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கியபோது பல மாநிலங்களில் அது சட்டச் சிக்கலாக இருந்தது. 1993-க்குள் ஐம்பது மாநிலங்களும் அதை ஏற்றுக்கொண்டன. வெர்மான்டில் பெற்றோர் மாநிலக் கல்வித் துறைக்கு அறிவித்துவிட்டு வீட்டிலேயே கற்பிக்கலாம்.

சட்டம் இருக்கட்டும். மேசைக்கு வருகிறேன்.

கடைக்குட்டி ஒரு கைப்பிடி இலைகளைக் கொண்டுவந்து கொட்டினாள். "இந்தச் சிவப்பு இவ்வளவு நாள் எங்கே இருந்துச்சு?" என்பது அவள் கேள்வி. அம்மா பதில் சொல்லவில்லை. இன்னும் பச்சையாக இருந்த இலைகளைக் கிழித்து ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு, ஆல்கஹால் ஊற்றி நசுக்கி, குப்பியை வெந்நீரில் வைத்தாள். காபி வடிகட்டும் தாளை நீளமாக நறுக்கி அதில் தொங்கவிட்டாள். அரை மணி நேரத்துக்கெல்லாம் தாளில் பச்சை ஏறியது. அதிலிருந்து பிரிந்து ஒரு மஞ்சள் கோடு தனியே தெரிந்தது. பச்சை இலைக்குள் மஞ்சள்! கோடை முழுக்க அது அங்கேதான் இருந்திருக்கிறது. பச்சையம் மூடி வைத்திருந்தது. நாள் குறுகக் குறுகப் பச்சையம் சிதைகிறது, மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பின் கதை வேறு. இலைக் காம்படியில் அடைப்பு விழத் தொடங்கியதும் உள்ளே தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு மேப்பிள் அதைப் புதிதாகச் செய்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் சிவப்பு கூடும். இத்தனை காலம் இலை பார்க்க ஆசைப்பட்ட எனக்கே இது அந்த மேசையில்தான் விளங்கியது.

ஆனால் இலைப் பாடத்தை ஒரு நல்ல பள்ளியும் நடத்திவிடும். என்னை உலுக்கியது விறகுப் பாடம்.

அந்த வீட்டுக்குச் சூடு விறகடுப்பிலிருந்து வருகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அது அணையக்கூடாது. அங்கே விறகை 'கோர்டு' என்ற கணக்கில் அளக்கிறார்கள்: நான்கடி அகலம், நான்கடி உயரம், எட்டடி நீளம், ஆக 128 கன அடி. குளிர்காலத்தைத் தாண்ட ஏழு கோர்டு வேண்டும். அப்பா ஒரு அளவு நாடாவைப் பையன் கையில் கொடுத்து, "எவ்வளவு இருக்குன்னு பார்த்துச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலியைச் சரிசெய்யப் போய்விட்டார்.

நான் பையனோடு போனேன். அடுக்கு ஒவ்வொன்றும் 24 அடி நீளம், 4 அடி உயரம். விறகின் நீளம் 16 அங்குலம். அந்த அங்குலம்தான் அவனை மடக்கியது. விறகின் மேலேயே உட்கார்ந்து, பென்சிலைக் கடித்துக்கொண்டு, பதினாறு அங்குலம் என்பது ஓர் அடியும் மூன்றில் ஒரு பங்கும் என்று கண்டுபிடித்தான். இருபத்து நாலையும் நாலையும் பெருக்கித் தொண்ணூற்றாறு. அதில் மூன்றில் ஒரு பங்கு முப்பத்திரண்டு. இரண்டையும் கூட்டினால் 128. "ஒரு வரிசை, ஒரு கோர்டு!" என்று கத்தினான். ஐந்து முழு வரிசை, ஆறாவது பாதி. அவன் முகம் சட்டென்று மாறியது. "ஒன்றரை குறையுது. மார்ச்சில் குளிரும்."

பத்து வயதில் நானும் பின்னங்கள் போட்டிருக்கிறேன், சரியாகவே போட்டிருக்கிறேன். அந்த விடைகளால் யாருக்கும் குளிரவுமில்லை, கதகதப்பாகவுமில்லை. இந்தப் பையனின் கணக்கைத் திருத்த ஆசிரியர் வேண்டாம். மார்ச் மாதம் வந்து திருத்தும். அன்று இரவுச் சாப்பாட்டில் அவன் சொன்ன எண்ணை அப்பா மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார். இப்போது வெட்டும் பச்சை மரம் இந்தக் குளிருக்கு எரியாது, காய ஓராண்டாவது ஆகும். அதனால் காய்ந்த விறகாக ஒன்றரைக் கோர்டு உடனே வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. ஒரு சிறுவனின் அளவையை நம்பி ஒரு வீடு பணம் செலவழிக்கிறது. கல்விக்கு இதைவிடப் பெரிய மரியாதையை நான் எங்கும் பார்த்ததில்லை.

ஆப்பிள் பறிக்கும் நாளைச் சொல்வது கடைக்குட்டியின் பொறுப்பு. நார்தர்ன் ஸ்பை என்ற ரகம் தாமதமாகப் பழுக்கும். தோலின் நிறத்தை நம்பமுடியாது. அவள் ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டி அயோடின் கரைசலில் தோய்ப்பாள். மாவுச்சத்து இருக்கும் இடமெல்லாம் கருநீலமாகும்; அது சர்க்கரையாக மாறிவிட்ட இடம் வெள்ளையாகவே நிற்கும். நடுவிலிருந்து வெள்ளை விரிந்து வரும். பழத்தை என்னிடம் தூக்கிக் காட்டி, "இன்னும் ஒரு வாரம்" என்று தீர்ப்புச் சொன்னாள். யாரும் அவளை மீறி ஏணியை எடுக்கவில்லை.

முன்பே பழுத்துவிட்ட ரகங்களைச் சாறு பிழிந்தோம். அரைத்த பழத்தைத் துணியில் கட்டி, மரத்தட்டுகளுக்கிடையே அடுக்கி, மேலே திருகை இறுக்குவார்கள். 19 கிலோ பழத்துக்கு 11 லிட்டர் போலச் சாறு இறங்கும். கண்ணெதிரே அது பழுப்பாகும். குளவிகள் மொய்க்கும், கையெல்லாம் பிசுபிசுக்கும். சக்கை பன்றிகளுக்கும் கோழிகளுக்கும். நிலவறையில் உருளைக்கிழங்கு ஒரு பக்கம், ஈர மணலில் புதைத்த கேரட் ஒரு பக்கம். ஆப்பிளை அவற்றிலிருந்து எட்டவே வைக்கிறார்கள். பழம் விடும் எத்திலீன் வாயு பட்டால் கேரட் கசந்துபோகும்.

இந்த மண்ணுக்கு வீட்டுக்கல்வி புதிதுமில்லை. அதே மாநிலத்தின் ஜெரிக்கோ என்ற ஊரில் 1865-இல் பிறந்தவர் வில்சன் பென்ட்லி. விவசாயி மகன். முன்பு ஆசிரியையாக இருந்த தாய் அவரைப் பல வருடம் வீட்டிலேயே படிக்க வைத்தார். ஒரு நுண்ணோக்கியும் கொடுத்தார். 1885 ஜனவரியில், இருபது வயது நிறையுமுன்பே, நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி ஒரு பனிப் படிகத்தைப் படமெடுத்தார் பென்ட்லி. பிறகு 1931-இல் சாகும்வரை பண்ணை வேலையும் பார்த்துக்கொண்டு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகங்களைப் படமெடுத்தார். அந்தப் படங்களை ஜெரிக்கோவின் பழைய மில்லில் பார்த்தேன். உறைபனியில் நின்று, மூச்சுக்காற்று பட்டால் உருகிவிடும் என்று மூச்சடக்கிப் பார்த்த ஒரு மனிதரின் பொறுமை அவற்றில் இருக்கிறது.

இந்த வழி எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். பகல் முழுக்க வீட்டில் இருக்கப் பெரியவர் ஒருவர் வேண்டும், அதற்கு வருமானம் இடம் கொடுக்க வேண்டும். தோழமைக்காக வாரம் ஒரு நாள் மற்ற வீட்டுக்கல்விக் குடும்பங்களோடு கூடுகிறார்கள். இருந்தும் மூத்தவளுக்கு அது போதவில்லை என்று எனக்குப் பட்டது. அவள் என்னிடம் சென்னைப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்ட கேள்விகள் ஓயவேயில்லை.

ஆடுகளைப் பற்றி நான் கேட்டால்தான் அவள் ஆசிரியை ஆவாள். செம்மறிக்குச் சினைக்காலம் சுமார் 147 நாள். அப்பா வழக்கமாக நவம்பர் முதல் வாரத்திலேயே கிடாவைப் பட்டியில் சேர்த்துவிடுவார். அப்படியானால் குட்டிகள் ஏப்ரல் தொடக்கத்தில், பனி முழுக்க உருகாத சேற்றில் விழும். போன வருடம் இரண்டு செத்துப்போயின. இந்த வருடம் அவள் காலண்டரில் பின்னோக்கி எண்ணியிருந்தாள்: ஏப்ரல் 20-க்கு முன் குட்டி வேண்டாம், ஆகவே நவம்பர் 24-க்கு முன் கிடா வேண்டாம். கிடாவின் மார்பில் சாயக்கட்டி ஒன்றைக் கட்டிவிடுவார்கள். அது ஏறிய பெட்டையின் முதுகில் நிறம் ஒட்டும். பதினேழு நாளுக்கொருமுறை நிறத்தை மாற்ற வேண்டும். ஒரே ஆட்டின் மேல் இரண்டாவது நிறமும் விழுந்தால் முதல்முறை சினை பிடிக்கவில்லை என்று பொருள். எந்த நிறம் எப்போது என்று ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தாள்.

அப்பா அந்தத் தாளை நின்று நிதானமாகப் படித்தார். "சரி, உன் தேதியே இருக்கட்டும். அப்போ ஏப்ரலில் ராத்திரிக் காவலும் நீதான்" என்றார். அவள் தாளின் அடியில் தன் பெயரை எழுதினாள். தம்பியின் பெயரையும் அவனைக் கேட்காமலே சேர்த்தாள்.