சர்க்கரை டப்பாவை ஒளித்து வைத்தால் போதுமா?

எங்கள் கேளம்பாக்கம் உப்பளத்துக்குப் பேர் போன ஊர். பாத்தியில் உப்பு வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே நிறைய. உப்பு கண்ணுக்குத் தெரியும். குழம்பில் ஒரு கல் கூடிப் போனால் வீட்டுக்காரரின் முகமே சொல்லிவிடும். இந்தச் சர்க்கரை இருக்கிறதே, அது அப்படியில்லை. மாவோடு மாவாகக் கலந்து, எண்ணெயோடு சேர்ந்து, அடுப்பில் வெந்து, பிஸ்கட்டாக வந்து நிற்கும்போது எவ்வளவு இருக்கிறது என்று நாக்குக்கே தெரிவதில்லை.

இன்றைக்குப் பிஸ்கட் இல்லாத வீடு எது? காலையில் காபியோடு இரண்டு, பள்ளிக்கூடப் பையில் நான்கு, பஸ்ஸில் குழந்தை அழுதால் ஒரு பாக்கெட், ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஒரு பாக்கெட்! ஐந்து ரூபாய்க்கு இவ்வளவு சௌகரியமான சாமான் வேறு என்ன கிடைக்கிறது? சீக்கிரம் கெடாது, கையில் ஒட்டாது, அவசரத்துக்கு உதவும். ஆகவே பிஸ்கட்டைத் திட்டுவதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கொடுப்போமே என்றுதான் எழுதுகிறேன்.

பேரப்பிள்ளையின் கணக்கு

எங்கள் தெருவில் ஒரு வீடு. மருமகள் சிறுசேரியில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். இரண்டரை வயசுப் பேரனைப் பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார். பிள்ளை பார்க்கக் கொழுகொழுவென்றுதான் இருப்பான். ஆனால் முகத்தில் ரத்தமே இருக்காது. கொஞ்ச தூரம் ஓடினால் உட்கார்ந்துகொள்வான். சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வான்.

"சோறுன்னா ஓடுறான்க்கா. பிஸ்கட்டைப் பால்ல நனைச்சுக் குடுத்தா மட்டும் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுறான்" என்று அந்த மருமகள் ஒரு நாள் என்னிடம் வந்து கண் கலங்கினாள். டாக்டரிடம் காட்டியதில் ஹீமோகுளோபின் 8.5 என்று வந்திருந்தது. அந்த வயசில் 11 ஆவது இருக்க வேண்டும். இரும்புச் சத்து குறைந்த குழந்தைகள் மண்ணையும் சுண்ணாம்பையும் தின்பதுண்டு என்று டாக்டர் விளக்கினாராம். "பிஸ்கட் விஷமில்லைம்மா. ஆனா கீரைக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் வயித்துல இடமே வைக்கலையே!" என்றாராம்.

வீட்டுக்குள் மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு வார்த்தை நின்றுவிட்டது. "என் கையால ஊட்டுனது. நானா பேரனுக்குக் கெடுதல் பண்ணுவேன்?" என்று பெரியம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் போய்ச் சமாதானம் பேசவில்லை. பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். "பெரியம்மா, பிள்ளை நேத்து என்னென்ன சாப்பிட்டான், சொல்லுங்க" என்றேன்.

பொழுது விடிந்து இரவு வரைக்கும் குளுகோஸ் பிஸ்கட் 15. ஒன்று 5 கிராம் என்று வைத்தாலும் 75 கிராம். அந்த ரகப் பிஸ்கட்டில் ஏறக்குறைய கால் பங்கு சர்க்கரை. அப்படியானால் 19 கிராம், கிட்டத்தட்ட நான்கு ஸ்பூன். இது போக மூன்று டம்ளர் பாலில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை, 30 கிராம். மொத்தம் பத்து ஸ்பூன்!

எவ்வளவு இருக்கலாம்? மொத்தச் சாப்பாட்டின் கலோரியில் 10 சதவீதத்துக்குள் சர்க்கரை இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொல்லியிருக்கிறது. இந்த வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஆயிரம் கலோரி வேண்டும். அதில் 5 சதவீதம் என்றால் 12 கிராம் சொச்சம், இரண்டரை ஸ்பூன். நம் பிள்ளை சாப்பிட்டது பத்து! பிஸ்கட்டிலிருந்தே 340 கலோரி போய்விட்டது. மூன்றில் ஒரு பங்கு வயிறு அதிலேயே நிறைந்தால் சோறு எப்படி இறங்கும்?

பெரியம்மா அந்தப் பேப்பரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "சர்க்கரை டப்பாவை எறும்புக்கும் பிள்ளைக்கும் பயந்து மேல் தட்டுல வெச்சிருக்கேன்டி. இதுல இவ்ளோ இருக்குன்னு யாரு கண்டா?" என்றார்.

பாக்கெட்டைத் திருப்புங்கள்

'யாரு கண்டா' என்று இனி நாம் சொல்ல வேண்டாம். பாக்கெட்டின் பின்பக்கத்தில் எல்லாம் அச்சடித்துத்தான் இருக்கிறது. எழுத்து பொடியாக இருக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். எனக்குப் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. அதை எழுத்துக்கூட்டிப் படிக்க அது போதும்.

முதலில் சேர்மானப் பட்டியல். எடையில் எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம். அநேகமாக எல்லாப் பிஸ்கட்டிலும் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, மூன்றாவது பாமாயில். சற்றுத் தள்ளி 'இன்வர்ட் சிரப்' என்று இருந்தால் அதுவும் சர்க்கரைப் பாகுதான். 'லிக்விட் குளுகோஸ்' என்றாலும் அதே வகை. 500, 503 என்ற எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 500 நம் வீட்டுச் சமையல் சோடா. 503 அதன் தங்கை மாதிரி, பிஸ்கட் உப்பி வருவதற்கு. முன்பக்கத்தில் பெரிதாகப் பால் ஊற்றுகிற படம் போட்டிருப்பார்களே, அந்தப் பால் பவுடரைப் பட்டியலில் தேடினால் பெரும்பாலும் கடைசி வரிசையில்தான் கிடைக்கும்.

அடுத்தது சத்து அட்டவணை. 'டோட்டல் ஷுகர்ஸ்' என்பது மொத்தச் சர்க்கரை. 'ஆடட் ஷுகர்ஸ்' என்பது மேற்கொண்டு சேர்த்த சர்க்கரை. 100 கிராமுக்கு எவ்வளவு என்று பார்த்து, ஐந்தால் வகுத்தால் ஸ்பூன் கணக்கு வந்துவிடும். குளுகோஸ் பிஸ்கட்டில் 25 கிராம் அளவில் இருக்கும். க்ரீம் பிஸ்கட்டில் 35, சிலதில் அதற்கு மேலும் இருக்கும். பத்து கிராம் எடையுள்ள க்ரீம் பிஸ்கட் நான்கு சாப்பிட்டால் 14 கிராம். மூன்று ஸ்பூன் சர்க்கரையை அப்படியே வாயில் கொட்டிக்கொண்டது போல!

இன்னொரு சூட்சுமமும் உண்டு. 'ஒரு வேளைக்கு இத்தனை சதவீதம்' என்று ஒரு வரிசை இருக்கும். 2020-ல் வந்த விதிப்படி அதை 2000 கலோரி சாப்பிடும் பெரியவர்களுக்கு, ஒரு நாளைக்கு 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அது 10 சதவீத வரம்பு. 5 சதவீதம்தான் நல்லது என்று பார்த்தால் 25 கிராம்தான். அங்கே 14 சதவீதம் என்று போட்டிருந்தால் 28 என்று எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைக்கு அதுவும் இரட்டிப்பு. 'ஒரு வேளை' என்று அவர்கள் சொல்வது எத்தனை பிஸ்கட் என்பதையும் பாருங்கள். இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்துகிற பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை!

பாக்கெட்டில் அச்சடித்தது விளையாட்டில்லை. 16 பிஸ்கட் என்று போட்ட பாக்கெட்டில் 15 தான் இருந்தது என்று ஒருவர் வழக்குப் போட்டு, 2023-ல் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு தரச் சொன்னது. ஒன்று குறைந்தால் ஆணையம் இருக்கிறது. சர்க்கரை அதிகமாக இருப்பதை நாம்தானே பார்த்தாக வேண்டும்? சர்க்கரை, உப்பு, கொழுப்பு பற்றிய எச்சரிக்கையை முன்பக்கத்திலேயே போடும் விஷயத்தில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. முன்பக்கத்துக்கு வருகிறபோது வரட்டும். அதுவரை பின்பக்கம் நமக்குக் கை கொடுக்கும்.

மாரி, டைஜஸ்டிவ், சுகர் ஃப்ரீ

"எங்க வீட்ல மாரி பிஸ்கட்தான், அதுல சர்க்கரை கிடையாது" என்று சொல்லாத பெண்மணி இல்லை. 1874-ல் ரஷ்ய இளவரசி மரியாவின் கல்யாணத்துக்காக லண்டனில் செய்த பிஸ்கட் அது. காய்ச்சல்காரருக்குக் கொடுத்துக் கொடுத்து நம் ஊரில் மருந்து மாதிரி ஆகிவிட்டது! இனிப்பு நாக்கில் தெரியாதே தவிர, மாரியிலும் பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை. கொழுப்பு மட்டும் குறைவு.

டைஜஸ்டிவ் பிஸ்கட்டில் நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் கொழுப்பும் 100 கிராமில் 20 கிராம் அளவுக்கு இருக்கும், முதல் சாமான் மைதாவாகவும் இருக்கலாம். கோதுமை, ராகி, ஓட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தால் பட்டியலில் அது எத்தனை சதவீதம் என்று தேடுங்கள். உப்பு பிஸ்கட்டில் சர்க்கரை குறைந்த இடத்தில் சோடியமும் எண்ணெயும் உட்கார்ந்திருக்கும். 'சுகர் ஃப்ரீ' என்றால் 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. ஆனால் மைதா? அதுவும் வயிற்றில் போய்ச் சர்க்கரையாகத்தானே மாறுகிறது! சர்க்கரை வியாதிக்காரர்கள் இஷ்டத்துக்குச் சாப்பிட அது அனுமதிச் சீட்டு ஆகாது. அதில் போடும் சில இனிப்புப் பொருள்கள் அதிகமானால் வயிற்றுப்போக்கும் உண்டாகும்.

"அப்போ பேக்கரியில பாட்டில்ல இருக்கிற பட்டர் பிஸ்கட்?" என்று கேட்பீர்கள். அதற்கு அட்டவணையே கிடையாது. வீட்டில் நானே நான்கட்டாய் போடுவதுண்டு. ஒரு ஆழாக்கு மைதாவுக்கு அரை ஆழாக்கு பொடித்த சர்க்கரை போட்டால்தான் பதம் வரும். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை, மொறுமொறுப்பும் பொன்னிறமும் அதனால்தான். அதனால் வீட்டில் செய்தால் சர்க்கரை இல்லை என்று ஏமாற வேண்டாம். நாட்டுச் சர்க்கரை, வெல்லம் போட்டாலும் கணக்கு அதேதான்.

வேறு என்ன கொடுப்பது?

2025 மே மாதம் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. 4 முதல் 10 வயசுப் பிள்ளைகளின் கலோரியில் 13 சதவீதமும், 11 முதல் 18 வயசு வரை 15 சதவீதமும் சர்க்கரையிலிருந்தே வருகிறது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி நம் தமிழ்நாட்டில் ஐந்து வயசுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை. பிஸ்கட் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பசிக்கிற நேரத்துக்கு எதைக் கொடுக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

* இரண்டு வயசு ஆகாத குழந்தைக்கு இனிப்புச் சேர்த்த பண்டமே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாலில் நனைத்த பிஸ்கட்டும் அதில் சேர்த்தி. மசித்த பருப்பு சாதம், வாழைப்பழம், கேழ்வரகுக் கூழ் கொடுக்கலாம்.

* பொட்டுக்கடலையிலும் வேர்க்கடலையிலும் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம். பிஸ்கட்டில் ஆறு, ஏழுதான். சின்னப் பிள்ளைக்கு முழுக் கடலையைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். பொடித்துக் கொடுங்கள்.

* சாயங்காலத்துக்கு ஒரு கைப்பிடி சுண்டல், அவித்த முட்டை, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கொய்யா. கொய்யாவிலும் எலுமிச்சையிலும் உள்ள வைட்டமின் சி கீரையின் இரும்பை உடம்பில் சேர்க்கும். டீ அதைத் தடுக்கும். அதனால் சாப்பாட்டோடு டீ வேண்டாம்.

* பிஸ்கட் கொடுப்பதானால் பாக்கெட்டோடு கொடுக்காமல் இரண்டைத் தட்டில் வைத்துக் கொடுங்கள். பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மாவும் சர்க்கரையும் பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டால் சொத்தை விழும்.

* நோயாளியைப் பார்க்கப் போனால் பாக்கெட்டுக்குப் பதில் அவருக்கு ஒத்துக்கொள்கிற பழமாக இரண்டு வாங்கிப் போங்கள்.

பழக்கத்தை ஒரே நாளில் நிறுத்தினால் பிள்ளை வீட்டை இரண்டாக்கிவிடும். பெரியம்மா வாரத்துக்கு மூன்று மூன்றாகக் குறைத்தார். பாலில் சர்க்கரையை அரை ஸ்பூனாக்கினார். டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச் சத்து டானிக்கை வேளை தவறாமல் கொடுத்தார். முருங்கைக்கீரையைப் பருப்போடு கடைந்து நெய் விட்டு ஊட்டினார். முதல் பத்து நாள் துப்பினான். மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனையில் 10.9 வந்தது. சுண்ணாம்பு சுரண்டுவதும் நின்றுவிட்டது.

மாமியாரும் மருமகளும் இப்போது சேர்ந்தே கடைக்குப் போகிறார்கள். போன வாரம் அண்ணாச்சி கடையில் பெரியம்மா ஒரு க்ரீம் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி மருமகளிடம் நீட்டி, "இதுல எத்தனை ஸ்பூன்னு படிச்சுச் சொல்லும்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பெண்களும் தங்கள் கையிலிருந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். நீங்களும் பாருங்களேன்!