இடது கை சும்மா இருக்காது

ஓசூர் சாலையும் வெளிவட்டச் சாலையும் முட்டிக்கொள்ளும் பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பில் வேகமாகத் தீர்பவை இரண்டு: பெட்ரோல், பொறுமை. கிளட்சை மிதித்து மிதித்து அலுத்துப்போனவர்கள் ஆட்டோமேட்டிக் காருக்கு மாறுகிறார்கள். இடது முழங்கால் பிழைத்தது. இடது கை? சிவப்பு விளக்கைக் கண்டதும் அது தானாகவே லீவரைத் தேடிப் போகிறது. நியூட்ரல்!

பழக்க தோஷம்தான். அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் பழகிய தலைமுறைக்கு டிரைவிங் ஸ்கூலின் பாலபாடம் அது. கிளட்சை அழுத்தியபடியே காத்திருந்தால் ரிலீஸ் பேரிங் தேயும் என்பது நியாயமான பாடமும்கூட. ஆனால் மிதிக்கக் கிளட்சே இல்லாத காரில்?

பல குடும்பங்களில் இது ஒரு குட்டி பட்டிமன்றம். ஸ்டீயரிங்கில் ஓய்வு பெற்ற தகப்பனார். பக்கத்தில் மகள். “டியிலேயே விடுங்கப்பா.” “எஞ்சின் இழுத்துக்கிட்டே இருக்கும்மா, பாவம்.”

எஞ்சின் அவ்வளவு பாவமில்லை. டார்க் கன்வர்ட்டர் உள்ள கார்களில், நிற்கும்போது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருப்பது எண்ணெய்தான். எஞ்சின் பக்கத்துச் சக்கரம் எண்ணெயைச் சுழற்றுகிறது. எதிர்ச்சக்கரத்தை பிரேக் நிறுத்தி வைத்திருக்கிறது. இரும்போடு இரும்பு உரசுவதில்லை. கிளம்பும் சூட்டை எண்ணெயைக் குளிர்விக்கும் ஏற்பாடு கவனித்துக்கொள்ளும். நியூட்ரலுக்குத் தள்ளினால் சுமை சற்றுக் குறைந்து துளி பெட்ரோல் மிச்சமாகும். ஆனால் ஒவ்வொரு முறை டிக்குத் திரும்பும்போதும் உள்ளேயிருக்கும் கிளட்ச் தட்டுகள் மறுபடி கவ்வியாக வேண்டும்.

மாருதி 2014ல் செலேரியோவில் கொண்டுவந்த ஏஎம்டி வேறு ரகம். சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்சை இயக்குவது மட்டும் காலுக்குப் பதில் கம்ப்யூட்டர். பிரேக்கை மிதித்து நின்றால் அதுவே கிளட்சை விடுவித்துவிடும். ஆக, கேடு நிற்பதில் இல்லை, ஊர்வதில். பிரேக்கை அரைகுறையாக விட்டு அங்குலம் அங்குலமாக நகர்த்துவதும், மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிப்பதும்தான் கிளட்சைக் கருக்கும்.

அப்படியானால் நியூட்ரல் வேண்டவே வேண்டாமா? வேண்டும். சிக்னல் கம்பத்தில் எண்கள் 120லிருந்து இறங்குகின்றன என்றால் நியூட்ரலும் ஹேண்ட் பிரேக்கும் காலுக்கு ஓய்வு. இன்னும் நல்லது எஞ்சினையே அணைப்பது. டெல்லி அரசு 2020ல் இதற்காகவே ஒரு பிரசார இயக்கம் நடத்தியது. பின்னால் ஒரு வண்டி வந்து நிற்கும்வரை மட்டும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கக் கூடாது. சிவப்பு பிரேக் விளக்கு அணைந்துவிட்டால், வேகமாக வருகிறவருக்கு இந்த வண்டி நிற்பது தெரியாமல் போகலாம். இருபது வினாடி நிறுத்தத்துக்கு டியும் அழுத்திய பிரேக்குமே போதும்.

நிஜமான ஆபத்து இயந்திரத்துக்கு அல்ல. டியில் நிற்கும்போது தண்ணீர் பாட்டிலுக்காகத் திரும்பினால் போதும். பிரேக்கில் கால் தளர்கிறது, கார் தானே ஊர்கிறது. நியூட்ரலில் வேறு விதம். பச்சை விழுகிறது. நியூட்ரலில் இருப்பது மறந்துபோய் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார். எஞ்சின் உறுமுகிறது, கார் நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன்கள் அலறுகின்றன. பதற்றத்தில் காலை எடுக்காமலே கை லீவரை டிக்கு இழுக்கிறது. பல கார்களில் அதற்கு பிரேக்கை மிதிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கார் பாய்கிறது.

பாயும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. இந்தியச் சிக்னல்களில் காரின் மூக்குக்கு முன்னால் எப்போதும் யாராவது இருப்பார்கள்: இடுக்கில் நுழைந்த ஸ்கூட்டர், அதில் நின்றபடி வரும் குழந்தை, கடைசி வினாடியில் சாலையைக் கடக்கும் மூதாட்டி. எனவே டியா, நியூட்ரலா என்ற பட்டிமன்றத்தில் யார் ஜெயித்தாலும் தீர்ப்பு ஒன்றுதான். லீவரில் கை போகுமுன் பிரேக்கில் கால் இருக்க வேண்டும். ஹாரன் அடிப்பவர் இரண்டு வினாடி காத்திருப்பார்.