இரண்டு தொடுதல்களுக்கு இடையில்

நம் கவிதைகளில் காலம் நதியாகவோ மணலாகவோ யமனாகவோதான் வந்து நிற்கிறது. படிமம் என்று நாம் கொண்டாடுவது பல சமயம் வெறும் பழக்கதோஷம். காலத்தைப் பற்றி என்னைத் தொந்தரவு செய்த படிமம் ஒரு பௌதிக சோதனைச்சாலையிலிருந்து வந்தது.

நார்மன் ராம்ஸே (1915–2011) கொலம்பியாவில் ஐ.ஐ. ராபியிடம் பயின்றவர். காந்தப் புலத்தின் ஊடே செல்லும் கற்றையின் மேல் ரேடியோ அலையைப் பாய்ச்சினால், குறிப்பிட்ட அதிர்வெண்ணில்தான் அது நிலை மாறும் என்று 1938-ல் காட்டியவர் ராபி. அந்த எண்ணை நுட்பமாக அறிய அணுவோடு அலை நெடுநேரம் உறவாட வேண்டும். ஆனால் பாதை நீண்டால் காந்தப் புலம் எங்கும் ஒரே சீராக நிற்காது, அளவு மங்கிவிடும்.

1949-ல் ஹார்வர்டில் ராம்ஸே வழி கண்டார். பாதை நெடுக அலை வேண்டாம். நுழையும் இடத்தில் ஒரு தொடுதல், வெளியேறும் இடத்தில் ஒரு தொடுதல். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து. நடுவே அணுவைச் சும்மா விட்டுவிட வேண்டும். அது தன் தாளத்தில் போகும். கடைசியில் அலையோடு தாளம் ஒத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். இடைவெளி நீள நீள அளவு கூர்மையாகிறது.

ஒரு பஞ்சாலையின் டைம் ஆபீஸில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் நான். அங்கேயும் வரும்போது கார்டில் ஒரு முத்திரை, போகும்போது ஒரு முத்திரை. நடுவில் எட்டு மணி நேரம் அந்த மனிதன் என்ன ஆனான் என்று கார்டு சொல்லாது. ராம்ஸேயின் இரண்டாம் முத்திரையோ நடுவில் கழிந்ததைத்தான் பேசுகிறது.

1955-ல் இங்கிலாந்தில் எஸ்ஸனும் பாரியும் செய்த சீஸியம் கடிகாரம் இம்முறையில்தான் ஓடியது. 1967-ல் விநாடி என்பது சீஸியத்தின் 9,192,631,770 அதிர்வுகள் என்றாயிற்று. பூமியை நம்பியிருந்த காலம் அணுவிடம் போய்ச் சேர்ந்தது. 1989-ல் ராம்ஸேக்கு நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

இவ்வளவோடு நிறுத்தினால் அழகான கட்டுரை. ஆனால் 1945 ஆகஸ்டில் இதே மனிதர் பசிபிக்கின் டினியன் தீவில் இருந்தார். ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் போன குண்டுகளைப் பூட்டித் தந்த குழுவில், விஞ்ஞானப் பொறுப்பில். ஹிரோஷிமாவின் மியூஸியத்தில் 8:15-ல் நின்றுபோன கைக்கடிகாரம் இருக்கிறது.

அணுவைச் சும்மா விடும் முறை அதற்குப் பிராயச்சித்தம் என்று எழுதிவிடலாம். வசதியான வாசிப்பு, எனக்குச் சம்மதமில்லை. அம்முறை பிறந்தது சீரற்ற காந்தப் புலம் தந்த தொல்லையில், மனசாட்சியில் அல்ல. தனித்தனி விஷயங்கள் என்று பிரித்துப்போடவும் முடியவில்லை. செயற்கைக்கோள்களில் ஏறிய அணுக்கடிகாரங்கள் மீனவனுக்கும் வழி சொல்கின்றன, ஏவுகணைக்கும் வழி சொல்கின்றன.

இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே அவர் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடம் உருவாக உழைத்தார். 1947-ல் ஹார்வர்டுக்கு வந்தார். உள்ளே என்ன ஓடிற்று என்பதற்கு இவை சாட்சி ஆகா. ஒருவன் வாழ்க்கையில் இரண்டு தேதிகள் கிடைத்தவுடன் நடுவை நம் தத்துவத்தால் நிரப்பிவிடுவது நமக்கு விமர்சனமாகிவிட்டது. ராம்ஸே விஷயத்தில் அந்த நான்கு வருஷத்தை நான் நிரப்பப்போவதில்லை. 1945-ஐ விட்டுவிட்டு 1949-ஐ வியக்கப்போவதுமில்லை.